தகட்டில் எழுதியிருந்தது

மதுரை,
18.8.2024, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. கடைக்கு இன்று விடுமுறை, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. போனில் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், நடுவில் உங்கம்மா போனை வாங்குவாள், பேச்சு வேறு எங்கோ போய்விடும். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அக்கா புதன்கிழமை ராத்திரி கூப்பிட்டாள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பரிடம் நீ வாங்கி வைத்திருந்த ரெக்கார்டு பிளேயரைக் கும்பகோணத்தில் ரிட்டயரான பாட்டு வாத்தியார் ஒருவருக்கு 14,000 ரூபாய்க்கு விற்றாயாம். பார்சல் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே அவர் கூப்பிட்டு, பாட்டு சரியாக வரவில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். "என் வீட்டில் ஓடியது சார், உங்க வீட்டு செட்டுக்கு ஒத்துவரலைன்னா நான் என்ன செய்ய முடியும்" என்று நீ சொன்னாயாம். மறுபடி இரண்டு தடவை கூப்பிட்டதும் அவர் நம்பரை பிளாக் செய்துவிட்டாயாம். அப்புறம் நீ எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் கேட்டது ஒரே கேள்விதான்: சட்டப்படி நான் திருப்பி எடுக்கணுமா மாமா?

சட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், நீயும் அவரும் எழுதிக்கொண்டதை எல்லாம் எனக்கு அனுப்பினாயே, அதை மூன்று நாலு தடவை படித்தேன். நீ கோபத்தில் படித்ததால் ஒரு விஷயம் உன் கண்ணில் படவில்லை. அந்த மனிதர் இரண்டு குறைகளைச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிச் சொல்லியிருக்கிறார், நீயும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்லிவிட்டாய். ஒன்று நீ விற்ற பொருளிலேயே இருக்கிற சங்கதி. மற்றது அவர் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற சங்கதி.

முதல் குறையை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார். "குரல் தடித்து, சோர்ந்து வருகிறது. அந்த அம்மாள் ஐந்து கட்டையில் பாடிய கச்சேரி இது. சுருதிப் பெட்டியை ஐந்தில் வைத்தால் சேரவே இல்லை. மூன்றுக்கு இறக்கினால்தான் கிட்டத்தட்ட நிற்கிறது." இதைப் படித்ததும் எனக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டுவிட்டது. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன், அச்சாக வந்தது. அவர் காது அவ்வளவு சுத்தம். நாற்பது வருஷமாகப் பழுது பார்க்கிற என்னிடம் இவ்வளவு துல்லியமாகக் கோளாறு சொன்ன வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவரை நீ "சும்மா குறை கண்டுபிடிக்கிற ஆள்" என்று அக்காவிடம் சொன்னாயாம். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜ் வித்தியாசம் உனக்குத் தெரிந்திருந்தது, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாய், இதில் போட்டுத்தான் சொருக வேண்டும் என்று எழுதியும் அனுப்பியிருக்கிறாய். அது நல்ல காரியம். நீ அதைச் சொல்லாமல் விட்டு, அவர் நேரே சொருகியிருந்தால் மோட்டார் கருகிப் புகைந்திருக்கும், வீட்டில் யாருக்காவது ஆபத்தும் வந்திருக்கும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும். ஹெர்ட்ஸை அது தொடாது. 50 உள்ளே போனால் 50தான் வெளியே வரும்.

அந்தக் காலத்து பெல்ட் பிளேயர்கள் பலவற்றில் சிங்க்ரனஸ் மோட்டார். கரண்ட் விநாடிக்கு எத்தனை தடவை துடிக்கிறதோ அந்தக் கணக்குக்குத்தான் அது சுற்றும், வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் வேகம் மாறாது. 60க்குச் செய்த மோட்டாரை 50இல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம். நிமிஷத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய எல்பி 27, 28 சுற்றுதான் சுற்றும். இருபது நிமிஷத்துப் பக்கம் இருபத்து நாலு நிமிஷம் ஓடும். சுருதி மூன்று ஸ்தானத்துக்குக் கொஞ்சம் கூடவே இறங்கும். ஐந்து கட்டை மூன்று கட்டையாகும். அவர் சுருதிப் பெட்டியில் கண்டுபிடித்தது இதைத்தான். மோட்டாரும் வழக்கத்தைவிடச் சூடாகும், அது வேறு.

நீ ஏன் கவனிக்கவில்லை என்றும் யோசித்துப் பார்த்தேன். உன்னிடம் ரெக்கார்டே கிடையாது. நண்பர் கொடுத்த ஒரே ஒரு இங்கிலீஷ் ரெக்கார்டைப் போட்டுப் பார்த்திருக்கிறாய், தட்டு சுற்றியது, சத்தம் வந்தது. அந்தப் பாட்டை நீ அதற்கு முன்னால் கேட்டதில்லை. மெதுவாக ஓடினால் உனக்கு எப்படித் தெரியும்? நீ ஏமாற்றினாய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். ஆனால் பிளேயரின் அடியில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். மாடல் நம்பர், வோல்ட், ஹெர்ட்ஸ், வாட்ஸ் எல்லாம் அதில் இருக்கும். நீ அவருக்கு அனுப்பிய பதினொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம், மூடி, ஊசி, தட்டு, பின்னால் ஒயர், எல்லாம் இருக்கிறது. தகட்டை மட்டும் படம் எடுக்கவில்லை. அதைத் திருப்பிப் பார்த்திருந்தால் '120V 60 ஹெர்ட்ஸ்' என்று இருந்திருக்கும். உனக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் அவருக்கோ, அவருக்குத் தெரிந்த மெக்கானிக் யாருக்கோ புரிந்திருக்கும்.

இனி அவர் வாங்குவதற்கு முன்னால் கேட்ட கேள்வி. அதை இன்னொரு தடவை எடுத்துப் படி. "எங்கப்பா சேர்த்து வைத்த எல்பி அறுபது எழுபது இருக்கிறது தம்பி, இதில் போட்டுக் கேட்கலாம் இல்லையா?" நீ எழுதிய பதில்: "தாராளமா கேட்கலாம் சார், பெர்ஃபெக்ட் கண்டிஷன்."

தாராளமா என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு 1991 ஞாபகம் வந்துவிட்டது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அப்போது நான் டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் வேலை பார்த்தேன், சொந்தக் கடை வைக்கவில்லை. சிங்கப்பூர், சவூதி போய் வந்தவர்கள் விற்ற செட்டுகளையும், நாங்களே பழுது பார்த்த பழைய ஆம்ப்ளிஃபயர்களையும் விற்போம். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மைக் செட்காரர் வந்தார். புதிதாகத் தொழில் ஆரம்பித்தவர். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் காட்டி, "ஊர்த் திருவிழாவுக்கு நாலு பாக்ஸ் கட்டணும், இது தாங்குமா?" என்று கேட்டார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். "தாராளமா கட்டலாம்ணே" என்று நான் சொன்னேன். பாக்ஸ் ஒவ்வொன்றும் எத்தனை ஓம், எப்படி இணைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் நாலு எட்டு ஓம் பாக்ஸையும் பேரலலாகக் கட்டியிருக்கிறார். அந்த ஆம்ப்ளிஃபயர் நாலு ஓம் வரைக்கும்தான் தாங்கும், அவர் கட்டினது இரண்டு ஓம். வள்ளி திருமண நாடகம் ராத்திரி இரண்டு மணிக்கு உச்சத்தில் இருக்கும்போது 2என்3055 டிரான்சிஸ்டர் இரண்டும் போய்விட்டது. ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, மைக் இல்லாமல் நாடகம் நின்றுவிட்டது.

காலையில் முதல் பஸ்ஸில் வந்தார். ஆம்ப்ளிஃபயரைத் துண்டில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கடை திறக்கும் வரை வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. சண்டை போடுவார் என்று நினைத்தேன். "கேட்டுத்தானே தம்பி வாங்குனேன்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். முதலாளி வந்து விசாரித்தார். டிரான்சிஸ்டர் மாற்றிக் கொடுக்கச் சொன்னார், கூலி வாங்கக் கூடாது என்றார். ஊர்க்காரர்கள் அவருக்குத் தராமல் பிடித்துக்கொண்ட ராத்திரி வாடகையைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் போன பிறகு என்னிடம், இனிமேல் யாராவது 'தாங்குமா' என்று கேட்டால் 'எதோட கட்டப் போறீங்க' என்று நீ கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லணும் என்றார். அன்றிலிருந்து பில்லின் பின்பக்கத்தில் எழுதிவிடுவேன். 'எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டு மட்டும்.' '110 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் போடக் கூடாது.' 'ரிமோட் கிடையாது.' இப்போதும் எழுதுகிறேன்.

சட்டம் கேட்டாயே. நம் கடைக்குப் பழைய வால்வு ரேடியோவைச் சரிபார்க்கக் கொண்டு வருகிற வக்கீல் ஒருவர் இருக்கிறார், வயதானவர், பொறுமையாகச் சொல்லுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம் உன் பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மைக் செட்காரர் கதையையும் சொன்னேன். அதைக் கேட்டதும், "உங்க முதலாளி செய்தது அப்படியே 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவு" என்றார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

பொதுவாக, பொருள் தன் தேவைக்குச் சரிப்படுமா என்று பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. 16ஆம் பிரிவு தொடங்குவதே அப்படித்தான். ஆனால் வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி, விற்கிறவரின் அனுபவத்தை நம்பி வாங்கி, விற்கிறவரும் அந்தப் பொருளை வியாபாரமாகவே விற்பவராக இருந்தால், அந்தத் தேவைக்கு அது உதவும் என்ற பொறுப்பு விற்கிறவர் தலையில் வந்துவிடும். 'நாலு பாக்ஸ் கட்டணும்' என்றார் மைக் செட்காரர், கடையை நம்பினார், நாங்கள் அதைத்தான் தொழிலாகச் செய்தோம். மூன்றும் இருந்தது.

நீ கடைக்காரன் இல்லை. வீட்டுப் பொருளை விற்கிற ஒருவருக்கு அந்தப் பிரிவு அப்படியே பொருந்தாது, நுகர்வோர் சட்டமும் தொழிலாக விற்பவர்களை வைத்து எழுதியதுதான் என்றார் வக்கீல். பழுதுள்ள பொருளை பில்லில் போட்ட நாளுக்குள், பில்லில் ஒன்றும் போடாவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சொல்கிறதே, அது என்னைப் போன்றவனைக் கட்டும். ஆனால் மாப்பிள்ளை, ஒன்று கேட்கிறேன். போன வருஷத்திலிருந்து ஸ்பீக்கர் ஒன்று, கேமரா ஒன்று, டேப் டெக் ஒன்று, இப்போது இது. நாலு பொருள் வாங்கி விற்றிருக்கிறாய், நாலிலும் லாபம். இன்னும் இரண்டு மூன்று போனால் உன்னை வீட்டுப் பொருள் விற்பவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொழில் என்று ஆகிவிட்டால் தொழிலுக்குள்ள பொறுப்பும் வரும். அதற்காகச் செய்யாதே என்று சொல்லவில்லை. நல்ல தொழில்தான், நான் அதில்தான் சாப்பிடுகிறேன்.

கடைக்காரன் இல்லை என்பதால் நீ தப்பிவிட்டாய் என்றும் நினைக்காதே. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் எல்லோருக்கும் பொது. அதில் ஒரு குதிரைக் கதை இருக்கிறதாம். ஏலத்தில் குதிரை விற்கிறவனுக்கு அது சீக்குக் குதிரை என்று தெரியும், வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது, சும்மா இருப்பது குற்றமில்லை. ஆனால் வாங்குகிறவர், 'நீ இல்லை என்று சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்று சொல்லிய பிறகும் விற்கிறவன் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். கேட்காத வரைக்கும் உனக்கு இடம் இருக்கிறது, கேட்டுவிட்டால் இல்லை. அந்த வாத்தியார் உன்னிடம் கேட்டார்.

நீ மௌனமாகவும் இருக்கவில்லை, 'தாராளமா' என்றாய். உனக்குத் தெரியாமல்தான் சொன்னாய். அதற்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது, 18ஆம் பிரிவு. ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு உன்னிடம் தகவல் இல்லாமலே உறுதியாகச் சொல்லி, அது உண்மையில்லாமல் போனால், நீ அதை உண்மை என்று மனசார நம்பியிருந்தாலும், அது தவறான தகவல் சொன்னதுதான். அப்படிச் செய்த ஒப்பந்தத்தை வாங்கினவர் வேண்டாம் என்று சொல்ல முடியும். அவர் கொஞ்சம் முயன்றிருந்தால் உண்மையைத் தெரிந்துகொண்டிருக்க முடியாதா என்று நீ வழக்காடலாம். ஆனால் தகடே இல்லாத படங்களை அனுப்பிவிட்டு, கும்பகோணத்தில் இருப்பவர் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வாய்?

விளம்பரத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று போட்டிருக்கிறேன் என்றாய். அதையும் கேட்டேன். சட்டம் தானாக வைக்கிற பொறுப்புகளை இரண்டு பேரும் பேசி விலக்கிக்கொள்ளலாம், அது செல்லும் என்றார். ஆனால் நீ உன் வாயால் சொன்ன தவறான தகவலை அந்த ஒரு வரி துடைக்காது.

எனவே முதல் குறையில் நீ பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வக்கீல் சொன்னதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. சட்டம் உன் பக்கமே நின்றாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் அப்பா கேட்ட ரெக்கார்டுகள் அவை. அந்தக் குரல்களை அவர் சின்ன வயதில் எந்தச் சுருதியில் கேட்டாரோ அந்தச் சுருதியில் கேட்கத்தான் 14,000 ரூபாய் அனுப்பினார். பென்ஷன் வாங்குகிறவருக்கு அது சின்னப் பணம் இல்லை.

இரண்டாவது குறைக்கு வருகிறேன். "சத்தம் மிகவும் மெதுவாக, கீச்சென்று வருகிறது, ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகினாலும் போதவில்லை" என்று எழுதியிருக்கிறார். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாரே, அதில் 'ஆக்ஸ்', 'டிவிடி', 'டிவி' என்று மூன்று இன்புட்தான். 'ஃபோனோ' கிடையாது. உன் பிளேயரில் இருப்பது மேக்னட் கார்ட்ரிட்ஜ். அதிலிருந்து வருவது மூன்று, நாலு மில்லிவோல்ட். ஆக்ஸ் இன்புட்டுக்கு அதைப் போல ஐம்பது, நூறு மடங்கு வேண்டும். எல்பி வெட்டும்போது பேஸைக் குறைத்து, டிரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள், கேட்கும்போது அதைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். அந்த இரண்டு வேலையையும் செய்வதுதான் ஃபோனோ ஸ்டேஜ். உன் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் அது உள்ளேயே இருக்கிறது, அதனால் உனக்குத் தெரியவில்லை. அவர் வீட்டில் முன்னால் இருந்தது கிரிஸ்டல் ஊசி போட்ட பழைய எச்எம்வி பிளேயர் என்று ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறார். கிரிஸ்டல் ஊசியில் நிறைய வோல்டேஜ் வரும், பழைய ரேடியோவின் பின்னால் பிக்கப் சாக்கெட்டில் நேரே சொருகினால் பாடும். அதனால் எல்லா பிளேயரும் அப்படித்தான் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை.

இதில் உனக்குப் பொறுப்பு இல்லை என்பதுதான் என் முடிவு. உன் பொருளில் குறையில்லை. என்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. வக்கீல் இதற்கு 1939ஆம் வருஷத்து இங்கிலாந்து வழக்கு ஒன்றைச் சொன்னார். ஒரு அம்மாள் கம்பளிக் கோட்டு வாங்கியிருக்கிறார், போட்டதும் தோல் புண்ணாகிவிட்டது. கோட்டில் கோளாறில்லை, அவர் தோல் சாதாரணத் தோலைவிட ரொம்ப மென்மையானது, அதைக் கடையில் சொல்லவில்லை. கடைக்காரர் மேல் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. நம் சட்டமும் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான் என்பதால் இங்கேயும் அந்த யோசனை செல்லும் என்றார். வாங்குகிறவர் வீட்டில் இருக்கிற விசேஷத்தை வாங்குகிறவர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் பொறுப்பில்லை என்பதற்காகப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? அவருக்கு ஃபோனோ ஸ்டேஜ் என்ற பெயரே தெரியாது, தெரியாததை எப்படிச் சொல்லுவார்? உனக்கும் அப்போது தெரியாது, இப்போது தெரியும். அந்தச் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி நடுவில் போட்டால் சரியாகிவிடும், செலவு உங்களுடையது சார் என்று மரியாதையாகச் சொல். எந்த மாதிரி வாங்க வேண்டும் என்று அவர் கேட்டால் என் நம்பரைக் கொடு. நான் பேசிக்கொள்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அவரை அன்பிளாக் செய். நீ செய்ததில் எனக்குப் பெரிய வருத்தம் அதுதான். தெரியாமல் விற்றது எல்லோருக்கும் நடக்கும், எனக்கும் நடந்தது. மைக் செட்காரர் துண்டில் கட்டிக்கொண்டு வந்து உட்கார ஒரு வாசல் படி இருந்தது. உன் வாத்தியாருக்கு அதுவும் இல்லை. மூன்றாம் நாளே கூப்பிட்டிருக்கிறார், மாசக்கணக்கில் வைத்திருந்து சொல்லவில்லை. இன்று சாயங்காலமே கூப்பிடு. 'சார், தப்பு என் மேல்தான், 60 ஹெர்ட்ஸ் என்பதை நான் பார்க்கவில்லை' என்று முதல் வார்த்தையாகச் சொல். ஆம்ப்ளிஃபயர் பேச்சை அதற்குப் பிறகு எடு. முன்னால் எடுத்தால் சாக்குச் சொல்வதுபோல இருக்கும்.

ஒரு சோதனையும் செய்யச் சொல். தட்டின் விளிம்பில் சின்னப் பேப்பர் துண்டு ஒன்றை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணட்டும். இருபத்தேழு, இருபத்தெட்டு வந்தால் நான் சொன்னது சரி. அவருக்கும் மனசு நிம்மதியாகும், தன் காது தன்னை ஏமாற்றவில்லை என்று தெரியும்.

அனுப்புகிற செலவு இரண்டு பக்கமும் உன்னுடையது. பேக் செய்கிற முறையை அவருக்கு எழுதி அனுப்பு. தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் குலுங்குவதில் நடு அச்சு கெட்டுவிடும். ஊசிக்கு மூடி போட்டு, கையைக் கிளிப்பில் பூட்டி, மேலே நூலாலும் கட்ட வேண்டும். பின்பக்க வெயிட்டைக் கழற்றித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். நீ அனுப்பும்போது தட்டைக் கழற்றாமலே அனுப்பியிருக்கிறாய், உடையாமல் போனது அதிர்ஷ்டம். வந்ததும் சீரியல் நம்பரையும் ஊசியையும் சரி பார், அது உன் உரிமை. கெட்ட ஊசியை மாட்டித் திருப்பி அனுப்புகிறவர்களும் உலகத்தில் உண்டு, என் கடைக்கே வந்திருக்கிறார்கள். ஆனால் சுருதிப் பெட்டி வைத்துக் கோளாறு கண்டுபிடித்த மனிதர் அப்படிச் செய்ய மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பார்சல் வந்த அன்றைக்கே பணத்தைப் போட்டுவிடு. இப்போது கையில் இல்லை என்றால் என்னிடம் கேள், அக்காவிடம் கேட்காதே.

இன்னொரு வழியும் இருக்கிறது. பணத்தைத் தருகிறேன் என்று நீ சொல்லி, அவர் அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் இதைச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதே. மோட்டார் தண்டில் ஒரு சின்னப் பித்தளைப் புல்லி இருக்கும், பெல்ட் அதில்தான் ஓடும். அந்தப் புல்லியின் விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 50 ஹெர்ட்ஸில் சரியான வேகம் வந்துவிடும். அந்தக் கம்பெனிகளே இரண்டு நாட்டுக்கு இரண்டு புல்லி போட்டு விற்றிருக்கின்றன. இங்கே எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் இருக்கிறார், வெர்னியரில் அளந்து கொடுத்தால் பித்தளை ராடிலிருந்து அச்சாகக் கடைந்து தருவார். பெல்ட் நழுவாமல் இருக்க நடுவில் லேசாகப் பருத்திருக்க வேண்டும், அதையும் அவரே பார்த்துச் செய்வார். வாத்தியாருக்குப் பிளேயர் பிடித்திருந்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் நேரே மதுரைக்கு அனுப்பச் சொல். புல்லி மாற்றி, பெல்ட் புதிதாகப் போட்டு, சுருதிப் பெட்டியை ஐந்தில் வைத்து நானே பார்த்துவிட்டு அனுப்புகிறேன். என் கூலி வேண்டாம், லேத் செலவு மட்டும் நீ கொடு. வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை மறுபேச்சு பேசாதே.

பிளேயர் உன்னிடமே திரும்பி வந்தால் அதை இங்கே கொண்டு வா, புல்லியைச் சேர்ந்தே மாற்றுவோம். அதற்குப் பிறகு விற்றாலும் தகட்டைப் படம் எடுத்துப் போடு, புல்லி மாற்றியதையும் எழுது. 

அவரிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு, ராத்திரி எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன். எத்தனை சுற்று வந்தது என்று அவர் சொன்னதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
மாமா